பேரப்பிள்ளைக்குப் புதிய இருதயம்: வீட்டுப் பெரியவர்கள் அறிய வேண்டியவை

மூத்த குடிமக்களுக்கான சுகாதாரச் சந்திப்பு ஒன்றில், குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை



வழக்கமாக இந்தச் சந்திப்பில் இரத்த அழுத்தம், இனிப்பு நீர், மூட்டு வலி என்று உங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். இன்று நான் பேச வந்திருப்பது பேரப்பிள்ளைகளைப் பற்றி. குழந்தைகளுக்குச் செய்யப்படும் இருதய மாற்று அறுவைச் சிகிச்சையைப் பற்றி.

"அது நமக்கு எதுக்கும்மா?" என்று ஒரு பாட்டி வாசலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். உலகம் முழுவதும் சேர்த்தே ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளுக்குத்தான் இந்தச் சிகிச்சை நடக்கிறது. நம் நாட்டில் அது இன்னும் அரிது. உங்களில் பெரும்பாலோர் வீட்டில் இது வரவே வராது. வரவும் வேண்டாம்.

ஆனாலும் இதைக் கேட்டுவைப்பது நல்லது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நான் குழந்தைகள் இருதயப் பிரிவிலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள். அங்கே தாத்தா பாட்டிகளை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒன்று, புதிய இருதயம் பெற்ற பிள்ளையின் வீட்டில். இன்னொன்று, பிள்ளையை இழந்து, "உறுப்புகளைத் தானம் செய்கிறீர்களா?" என்று கேட்கப்பட்ட வீட்டில். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் சொல்லும் வார்த்தைக்கு எடை அதிகம். ஆனால் இரண்டு வீட்டிலும் அவர்களிடம் முன்கூட்டி யாரும் எதையும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. இன்று அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எந்தக் குழந்தைக்கு இது தேவைப்படும்?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "இருதயத்தில் ஓட்டை" என்று மருத்துவர் சொன்னவுடன் இருதயத்தையே மாற்ற வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். மற்றவற்றைச் சாதாரண அறுவைச் சிகிச்சையிலோ, தொடை வழியாகக் குழாய் செலுத்தியோ மூடிவிடலாம்.

மாற்று இருதயம் தேவைப்படுவது, இருதயத்தின் தசையே வலுவிழந்துபோகும்போதுதான். சில பிள்ளைகளுக்கு அந்தத் தசை நோய் பரம்பரையாக வருகிறது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கும் ஒரு கிருமித் தொற்று இருதயத் தசையைத் தாக்கிவிடுகிறது. இன்னும் சிலர் பிறக்கும்போதே இருதயத்தின் ஒரு பாதி சரியாக வளராமல் பிறந்து, பல அறுவைச் சிகிச்சைகள் செய்தும் பலன் குறைந்துபோனவர்கள். மருந்தும் வேறு சிகிச்சையும் இனி உதவாது என்ற நிலையில்தான் மருத்துவர்கள் மாற்று இருதயத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

பெரியவர்களுக்கு இருதய நோய் வந்தால் நெஞ்சு வலிக்கும். குழந்தைக்கு அப்படி இல்லை. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வேர்க்கும், எடை ஏறாது. சற்றே பெரிய பிள்ளைக்கு வயிற்று வலி, வாந்தி, மாடிப்படி ஏற முடியாத களைப்பு. வயிற்றுக் கோளாறு என்று நாம் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். இப்படிப்பட்ட குறிகள் நீடித்தால் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

இந்தச் சிகிச்சை வந்த வழி

1967 டிசம்பர் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இருதய மாற்றைச் செய்தார். உங்களில் பலர் அந்தச் செய்தியை வானொலியில் கேட்டிருப்பீர்கள். மூன்றே நாளில், டிசம்பர் 6ஆம் தேதி, நியூயார்க்கில் டாக்டர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் ஒரு கைக்குழந்தைக்கு அதைச் செய்து பார்த்தார். அந்தக் குழந்தை சில மணி நேரமே உயிரோடு இருந்தது. பிறர் உறுப்பை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்கும் நல்ல மருந்துகள் 1980களில் வந்த பிறகுதான் குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கைகூடியது.

நம் நாட்டில் முதல் இருதய மாற்று 1997 டிசம்பரில் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் நடந்தது. மக்கள் மனத்தில் பதிந்தது 2007 அக்டோபரில் நடந்ததுதான். ஜொகூரைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருவர், ஏறக்குறைய ஓராண்டு காலம் உடம்புக்கு வெளியே இருந்த இயந்திரத்தின் உதவியால் இருதயத்தை இயக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒருவழியாக ஓர் இருதயம் கிடைத்தது. அதை அவர் உடம்பு ஏற்கவில்லை. அடுத்த நாளே இன்னொரு குடும்பம் தங்கள் பிள்ளையின் இருதயத்தைக் கொடுக்க முன்வந்தது. இரண்டாவது இருதயம் நிலைத்தது. அந்தச் சிறுமி வீடு திரும்பி, வளர்ந்து பெரியவரானார். அந்த ஒரு வாரத்தில் இரண்டு குடும்பங்கள், தங்கள் வாழ்க்கையிலேயே மிகக் கொடுமையான நாளில், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காகச் சம்மதம் சொன்னார்கள்.

காத்திருக்கும் காலம்

இருதயம் கடையில் வாங்கும் பொருள் இல்லை. இரத்தப் பிரிவு பொருந்த வேண்டும். அதைவிட முக்கியமாக, அளவு பொருந்த வேண்டும். பெரியவரின் இருதயம் மூன்று வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் அடங்காது. எடுத்த இருதயத்தைக் குளிர்ந்த பெட்டியில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குத்தான் வைத்திருக்கலாம். அதற்குள் பொருத்தி இரத்தம் ஓடச் செய்ய வேண்டும். அதனால் தொலைபேசி எந்த நேரமும் மணியடிக்கலாம், அடிக்காமலே மாதங்கள் போகலாம். மருத்துவமனைக்கு வந்த பிறகு, "இந்த இருதயம் சரிப்படாது" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.

இந்தக் காலத்தில் பெற்றோரில் ஒருவர் மருத்துவமனையிலேயே இருப்பார். வீட்டில் மற்ற பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளிச் சீருடையைத் துவைப்பது, காலையில் சாப்பாடு கட்டிக்கொடுப்பது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது எல்லாம் உங்கள் தலையில் வரும். இது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளிப் பிள்ளையின் அண்ணனோ அக்காளோ வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், "எனக்கும் காய்ச்சல் வந்தா அம்மா வீட்டுக்கு வருவாங்களா?" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். "தம்பிக்கு வந்த நோய்க்கு நீ காரணம் இல்ல. அம்மா உன்னை மறக்கல" என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளுக்கு ஒருமுறை கைப்பேசியில் அம்மா முகத்தைக் காட்டிப் பேச வையுங்கள்.

ஒரு பாட்டியின் கதை

இருதய மாற்று செய்துகொண்டு என் பார்வைக்கு வந்த குழந்தைகள் மிகச் சிலரே. அவர்களில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா லாரி ஓட்டுநர். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, மருந்து கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் பாட்டி. சீனப் புத்தாண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் பழக்கமான முறைப்படி நான்கைந்து பம்பளிமாஸ் பழங்களைக் கொடுத்தார்கள். லிமாவ் பாலி என்கிறோமே, தம்புனில் விளையும் அதே பழம். பையனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மருந்தின் கசப்பு போகட்டும் என்று பாட்டி காலையிலும் இரவிலும் இரண்டு சுளை உரித்துக் கொடுத்தார்.

பத்து நாளில் பையனின் கை நடுங்கத் தொடங்கியது. தலைவலி, வாந்தி. இரத்தத்தைப் பார்த்தால் மருந்தின் அளவு இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. சிறுநீரகம் திணறத் தொடங்கியிருந்தது. காரணம் அந்தப் பழம். உடம்பில் அந்த மருந்தைச் சிதைக்கும் பொருளைப் பம்பளிமாஸ் தடுத்துவிடும். அதனால் மருந்து கரையாமல் தேங்கிவிடும்.

வார்டு வாசலில் மருமகள் சொன்னார்: "இனிமே நீங்க அவனுக்கு ஒன்னும் கொடுக்க வேணாம், அத்தை." பாட்டி பதில் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைதான் சுளை உரித்தது.

நான் பையனின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பும் முன் நாங்கள் நான்கு முறை வகுப்பு எடுத்திருக்கிறோம். நான்கு முறையும் பெற்றோர் கையெழுத்து. மலாயில் பேசினோம், மலாயில் ஒரு தாள் கொடுத்தோம். பழத்தின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் பிள்ளைக்குத் தினமும் சாப்பாடு கொடுப்பது யார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. பாட்டியை ஒருமுறைகூட அழைத்து உட்கார வைத்துத் தமிழில் சொல்லவில்லை. அந்தப் பிழை எங்களுடையது. மருமகளிடமும் அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் பாட்டியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. காலை மருந்துப் பெட்டியில் சூரியனும் இரவுப் பெட்டியில் நிலாவும் வரைந்துகொண்டோம். மணி பார்க்க வானொலிச் செய்தியை அடையாளம் வைத்துக்கொண்டார். நான் சொன்னதை எல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் இரவு அந்தப் பையன் வயிறு வலிக்கிறது என்றான், சாப்பாடு வேண்டாம் என்றான். காய்ச்சல் இல்லை. "காலையில் பார்க்கலாம்" என்று அப்பா சொன்னார். பாட்டி விடவில்லை. "தாதி சொல்லிருக்காங்க, இருதயம் நோகும்போது பிள்ளைக்கு வயிறுதான் வலிக்குமாம்" என்று சொல்லி இரவோடு இரவாகக் கொண்டுவர வைத்தார். உடம்பு புதிய இருதயத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்ததால் ஊசி மருந்தில் அடங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில், மருமகளே மருந்துப் பெட்டியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்ததை நான் பார்த்தேன்.

அதனால் உங்களிடம் என் முதல் வேண்டுகோள் இது. பேரப்பிள்ளைக்கு இருதய மாற்று என்றில்லை, சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று, எந்தப் பெரிய நோய் என்றாலும், "பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நான். எனக்கும் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்" என்று மருத்துவமனையில் கேளுங்கள். தயங்க வேண்டாம். தமிழ் பேசும் பணியாளர் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மருந்து நேரம். புதிய இருதயத்தை உடம்பு தாக்காமல் தடுக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைப் பொதுவாக 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு வேளை கொடுப்பார்கள். காலை 8 என்றால் இரவு 8. திருமண வீட்டில் இருந்தாலும், பத்துமலையில் கூட்டத்தில் நின்றாலும் மருந்து கையோடு இருக்க வேண்டும். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மருந்து சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாலும் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனை நாள். அன்று காலை மருந்தைக் கொடுக்காமல் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பாசத்தில் வீட்டிலேயே கொடுத்து அனுப்பினால் பரிசோதனை தவறான அளவைக் காட்டும்.

மற்ற மருந்துகள். சளிக்குக் கிளினிக் போனாலும் "இவன் இருதய மாற்று செய்த பிள்ளை" என்பதை முதலில் சொல்லுங்கள். சாதாரணமாகக் கொடுக்கும் சில கிருமிக்கொல்லி மருந்துகளும் வலி மாத்திரைகளும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. கஷாயம், லேகியம், ஜாமு, சீன மூலிகை, சத்து மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ரசத்தில் போடும் மிளகும் மஞ்சளும் பிரச்சினை இல்லை. அவற்றையே மாத்திரையாகவும் சாறாகவும் அடர்த்தியாகக் கொடுப்பதுதான் வேறு விஷயம்.

சாப்பாடு. இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைக்கிறது. அதனால் சாப்பாட்டில் இருக்கும் கிருமி எளிதில் தாக்கும். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, பச்சை மீன், காய்ச்சாத பால், வெளியே வெட்டி வைத்த பழம் ஆகியவை வேண்டாம். வீட்டில் சூடாகச் சமைத்ததே நல்லது. பம்பளிமாஸ் பழத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சாப்பிட வேண்டியதை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சல். 38 டிகிரி செல்சியசை எட்டினால் அன்றே மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும். காய்ச்சலைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமலே பிள்ளை களைத்துப் போனாலும், முகமும் காலும் வீங்கினாலும், வயிறு வலித்தாலும், சாப்பாட்டை ஒதுக்கினாலும் அழையுங்கள். மாற்றிய இருதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். அதனால் பிள்ளைக்கு நெஞ்சு வலி தெரியாமலே போகலாம்.

தடுப்பூசி. உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசிகளை, எடுத்துக்காட்டாகத் தட்டம்மை, நீர்க்கொப்பளிப்பான் ஊசிகளை, இந்தப் பிள்ளைக்குப் போடும் முன் இருதய மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் வீட்டில் உள்ள நீங்கள் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்வது பிள்ளைக்குப் பாதுகாப்பு. உங்களுக்கும்தான்.

ஓடி விளையாடுவது. விளையாடலாம், பள்ளிக்குப் போகலாம். நரம்புத் தொடர்பு இல்லாததால் அந்த இருதயம் மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், மெதுவாகத்தான் அடங்கும். அதனால் ஓடுவதற்கு முன் சிறிது நேரம் நடக்கட்டும், ஓடி முடித்த பிறகும் சிறிது நடக்கட்டும். பொத்திப் பொத்தி உட்கார வைக்க வேண்டியதில்லை.

கோயிலும் உறவினரும்

பிள்ளை பிழைத்தால் காவடி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று நாம் வேண்டிக்கொள்வோம். வேண்டுதல் தவறில்லை. ஆனால் அதைப் பிள்ளையின் உடம்பில் நிறைவேற்ற வேண்டாம். அலகு குத்துவதும், தலையில் கத்தி படுவதும், விரதம் என்று மருந்தையும் சாப்பாட்டையும் தள்ளிப்போடுவதும் ஆபத்து. பால்குடத்தை நீங்கள் எடுங்கள். முடியை நீங்கள் இறக்குங்கள். முருகன் கணக்கில் வைத்துக்கொள்வான்.

முதல் சில மாதங்களுக்குக் கூட்டத்தையும் தவிர்க்க வேண்டும். ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்தது தெரிந்ததும் உறவினர் வண்டி வண்டியாக வருவார்கள். வாசலில் நின்று, "இப்ப வேணாம், மூனு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லப் பெற்றோருக்குக் கூச்சம். நீங்கள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சளி, இருமல் உள்ளவர் எவரானாலும், பெரிய மாமாவே ஆனாலும், வாசலோடு திருப்பி அனுப்புங்கள். வருபவர்கள் கை கழுவட்டும்.

இன்னொன்று. மருந்தின் விளைவால் சில பிள்ளைகளுக்கு முகம் உப்பும், சில மருந்துகளால் உடம்பில் முடி வளரும். "என்னடா இப்படி ஊதிட்ட?" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் கேட்க விடாதீர்கள். பதின்ம வயதில் பிள்ளைகள் மருந்தை நிறுத்துவதற்கு இந்தக் கேலியும் ஒரு காரணம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இருதயம், மருந்தை இரகசியமாக நிறுத்தியதால் நின்றுபோனதும் உண்டு. அம்மா அப்பாவிடம் சொல்லாததைப் பேரன் உங்களிடம் சொல்வான். திட்டாமல் கேளுங்கள். கேட்டதை மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

பணம் ஒரு பெரிய கவலை. பெற்றோரில் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும், மருந்தும் போக்குவரத்தும் ஓயாத செலவு. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணி அதிகாரிகள் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சமூக நல இலாகாவின் உதவி ஆகியவற்றுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள். நகையை அடகு வைக்கும் முன் அவர்களைப் பாருங்கள்.

கொடுக்கும் வீடு

இப்போது இரண்டாவது வீட்டுக்கு வருகிறேன். இதைப் பேசுவது எளிதில்லை. சிறு பிள்ளைக்கு ஏற்ற இருதயம் பெரும்பாலும் இன்னொரு சிறு பிள்ளையிடமிருந்துதான் வர முடியும் என்று சொன்னேன். அப்படியானால் இருதயம் கிடைத்தது என்ற ஒவ்வொரு நல்ல செய்திக்கும் பின்னால் ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது.

ஒரு முறை சாலை விபத்தில் அடிபட்ட ஏழு வயதுப் பெண் குழந்தை எங்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். மூளைச்சாவு என்று உறுதியாயிற்று. இது கோமா இல்லை. கோமாவில் இருப்பவர் மீளலாம். மூளைச்சாவு என்றால் மூளை முழுமையாக, திரும்பவே முடியாதபடி நின்றுவிட்டது; மருத்துவப்படி அது மரணம். இயந்திரம் காற்றை ஊதுவதால் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். உறுப்பு மாற்றுக் குழுவில் சேராத நிபுணத்துவ மருத்துவர்கள் இருவர், பரிசோதனைகளை ஒருமுறைக்கு இருமுறை செய்து பார்த்த பிறகே அப்படி அறிவிப்பார்கள்.

மருத்துவர் பெற்றோரிடம் மெதுவாகத் தானத்தைப் பற்றிக் கேட்டார். அவர்கள் இருவரும் திரும்பித் தாத்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். தாத்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கொஞ்சம் நேரம் குடுங்க" என்றார். விடியும் முன் குழந்தையின் இருதயமும் நின்றுவிட்டது.

சில மாதம் கழித்து அந்தத் தாத்தா என்னைத் தேடி வந்தார். "அன்னைக்கு எனக்கு ஒன்னுமே தெரியல. மூளைச்சாவுன்னா என்னன்னே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன். தெரிஞ்சிருந்தா சரின்னு சொல்லிருப்பேனா வேணாம்னு சொல்லிருப்பேனா, இப்பவும் தெரியாது. ஆனா பயத்துல பதில் சொல்லாம விட்டுட்டேனேன்னு இருக்கு" என்றார். நான் அவருக்குச் சொன்னது: "ஐயா, நீங்க ஒரு தப்பும் பண்ணல." அது உண்மை. கொடுப்பதும் கொடுக்காததும் குடும்பத்தின் முடிவு. இரண்டையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்த முடிவை அந்த இரவில் முதன்முறையாக யோசிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

அதனால் என் இரண்டாவது வேண்டுகோள். இந்த வாரம் குடும்பம் ஒன்றாகச் சாப்பிட உட்காரும்போது இதைப் பேசுங்கள். உங்கள் விருப்பம் என்ன என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். நம் நாட்டில் உறுப்பு தானம் செய்ய முன்கூட்டியே உறுதிமொழிப் பதிவு செய்யலாம். மைசெஜாத்ரா செயலியிலும் செய்யலாம், அரசாங்க மருத்துவமனையில் கேட்டும் செய்யலாம். பதிவு செய்திருந்தாலும், நேரம் வரும்போது மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்பார்கள். அதனால் பதிவைவிட வீட்டில் பேசிவைப்பதே முக்கியம்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

"இன்னொருத்தர் இருதயம் வந்தா, அவர் குணமும் வந்துடுமா?"

வராது. இருதயம் இரத்தத்தை இறைக்கும் உறுப்பு. பேரன் உங்கள் பேரனாகவே இருப்பான், அதே பிடிவாதத்தோடு. ஆனால் ஒரு வயதில், "இது யாரோட இருதயம்?" என்று அவன் கேட்பான். கொடுத்தவரின் பெயரை மருத்துவமனை வெளியிடாது. "உன்னை மாதிரி ஒரு பிள்ளையோட வீட்டார் கொடுத்தது. நாம அவங்களுக்காகச் சாமி கும்பிடுவோம்" என்று சொன்னால் போதும்.

"எத்தனை காலம் வாழ்வாங்க?"

இது நிரந்தரத் தீர்வு இல்லை. மாற்றிய இருதயத்துக்கும் ஆயுள் உண்டு. ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போது இருதய மாற்று பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் 20 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பள்ளி முடித்து, வேலைக்குப் போய், திருமணம் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். சிலருக்கு இரண்டாவது மாற்று தேவைப்படும்.

"எனக்கு 72 வயசு. நான் பதிவு செஞ்சு என்ன பயன்?"

உங்கள் இருதயம் ஒரு குழந்தைக்குப் பொருந்தாது. ஆனால் உங்கள் கண்ணின் கருவிழி ஒருவருக்குப் பார்வை கொடுக்கலாம். எதை எடுக்கலாம் என்பதை வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அந்த நேரத்தில் மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதோடு, தாத்தாவே பதிவு செய்திருக்கிறார் என்றால் வீட்டில் மற்றவர்களும் பயமின்றிப் பேசுவார்கள்.

"உடம்பைச் சிதைச்சிடுவாங்களா? சடங்கு செய்ய முடியுமா?"

மற்ற அறுவைச் சிகிச்சைகளைப் போலவே கவனமாகச் செய்து, தையல் போட்டு, உடம்பை மரியாதையோடு ஒப்படைப்பார்கள். குளிப்பாட்டி, உடுத்தி, வழக்கமான எல்லாச் சடங்குகளையும் செய்யலாம். நம் சமயம் இதைத் தடுக்கவில்லை. முஸ்லிம் அன்பர்களுக்கும் சொல்கிறேன், நம் நாட்டின் தேசிய ஃபத்வா மன்றம் 1970ஆம் ஆண்டிலேயே இருதய, கண் மாற்றுகளுக்கு அனுமதி தந்துள்ளது.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. அறுவைச் சிகிச்சையைச் செய்வது மருத்துவர்கள், அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு இரவும் அந்த இருதயம் வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு. பல வீடுகளில் அது நீங்கள்தான். வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். பேரப்பிள்ளைக்கு ஏதாவது நோய்க்கு மருந்து கொடுத்துவந்தால், அது என்ன மருந்து, எதோடு கொடுக்கக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, இன்று இங்கே கேட்டதைப் பிள்ளைகளிடம் பேசுங்கள்.